தரை நிலைய ரிசீவரைப் போலிச் சிக்னலால் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கங்களில், கல்லூரி மொட்டைமாடியிலோ வீட்டு மாடியிலோ ஆன்டெனா ஏற்றிச் செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்க முயல்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. சின்ன நிலையங்களை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்: ஒரு யாகி ஆன்டெனா (பழைய டிவி ஆன்டெனா போல ஒரே திசையை நோக்கிக் கேட்பது), ஒரு முன் பெருக்கி (ஆன்டெனா பிடிக்கும் மெல்லிய சிக்னலை முதலில் பெருக்குவது), ஒரு எஸ்டிஆர் (ரேடியோ வேலையில் பெரும்பகுதியை மென்பொருளிடம் விடும் கருவி), ஒரு கணினி. போலிச் சிக்னல் என்பது, செயற்கைக்கோள் அனுப்புவது போலவே நாமே உருவாக்கி ரிசீவருக்குக் கொடுக்கும் சிக்னல்.

வானத்தில் இத்தனை செயற்கைக்கோள்கள் சுற்றும்போது போலிச் சிக்னல் எதற்கு?

வானம் நம் வசதிக்கு வராது என்பதால்தான். 500 கிலோமீட்டர் உயரத்தில் துருவப் பாதையில் சுற்றும் செயற்கைக்கோள், 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கும் வேலூரை ஒரு நாளைக்கு நான்கு முறை போலத்தான் எட்டிப்பார்க்கும். துருவத்துக்கு அருகே ஸ்வால்பார்டில் உள்ள நிலையங்களுக்கு அதே செயற்கைக்கோள் ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றிலும் தெரியும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. செயற்கைக்கோள் ஒருமுறை நம் வானத்தைக் கடப்பதைப் பாஸ் என்போம்; உச்சிக்கு நேராகப் போகும் நல்ல பாஸ்கூட 11, 12 நிமிடத்தில் முடிந்துவிடும். மற்றவற்றில் சில அடிவானத்தை உரசிக்கொண்டு போகும். வேலூர் அருகே பாலமதி மலை மறைக்கும் பக்கம் போனால் அதிலும் பாதி போச்சு.

அந்தச் சில நிமிடங்களில் டிகோடர் (சிக்னலைத் தரவாக மாற்றும் மென்பொருள்) ஒன்றுமே காட்டவில்லை என்றால் பழியை யார் மேல் போடுவது? ஆன்டெனாவா, கேபிளா, மென்பொருளா, செயற்கைக்கோளே அன்றைக்கு வாயைத் திறக்கவில்லையா? மேசையில் போலிச் சிக்னல் இருந்தால் ஒரே பாஸை நூறு முறை ஓட்டலாம். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

சொந்தமாகச் செயற்கைக்கோள் செய்யும் கல்லூரிகளுக்கு இது இன்னும் அவசியம். அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009-லும், எஸ்ஆர்எம்சாட் 2011-லும், சத்யபாமாசாட் 2016-லும், குமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியூசாட் 2017-லும் பிஎஸ்எல்வி ராக்கெட்டுகளில் போயின. அப்படி ஒன்று போன பிறகு முதல் பாஸில் மௌனமாக இருந்தால், தரையில் குறை இல்லை என்று அடித்துச் சொல்ல முடிய வேண்டும். ஏவும் நாளுக்கு முன்பே சோதித்தவர்களால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

சிக்னல் ஜெனரேட்டரில் ஒரு கேரியர் (தரவு எதுவும் ஏற்றாத வெறும் அலை) கொடுத்து, திரையில் கோடு தெரிந்தால் போதாதா?

போதாது. கேபிள் அறுந்துபோகவில்லை என்பதற்கு மட்டும் அது சாட்சி.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் ஹியூகன்ஸ். 1997 அக்டோபரில் ஏவப்பட்ட காசினி விண்கலம், சனியின் துணைக்கோளான டைட்டனில் இறங்குவதற்காக ஹியூகன்ஸ் என்ற கலத்தைச் சுமந்து போனது. ஹியூகன்ஸ் அனுப்புவதைக் கேட்டுப் பூமிக்குச் சொல்ல வேண்டிய ரிசீவர் காசினியில் இருந்தது. புறப்படுவதற்கு முன்பு, முழு டாப்ளரோடு (நகரும் கலத்தின் வேகத்தால் அதிர்வெண் விலகுவதோடு) கூடிய சிக்னலைக் கொடுத்து அந்த ரிசீவரைச் சோதிக்கவில்லை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் ஐரோப்பிய விண்வெளி முகமையின் பொறியாளர் போரிஸ் ஸ்மெட்ஸ், கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனாவிலிருந்து ஹியூகன்ஸ் பேசுவது போலவே போலிச் சிக்னலைத் தயாரித்து, டாப்ளர் விலகலையும் சேர்த்து, பறந்துகொண்டிருந்த காசினிக்கு அனுப்பினார். ரிசீவர் கேரியரைப் பிடித்துக்கொண்டது. தரவு குப்பையாக வந்தது. கேரியர் அதிர்வெண் நகர்வதைச் சமாளிக்கத் தெரிந்த அந்தக் கருவிக்கு, அதே டாப்ளரால் பிட் வேகமும் நகரும் என்பதைச் சமாளிக்க இடம் வைக்கப்படவில்லை. பறக்கும் கலத்தில் அதை மாற்றவும் வழியில்லை. கடைசியில் டாப்ளர் குறையும்படி காசினியின் பாதையையே திருத்தினார்கள். 2005 ஜனவரி 14 அன்று டைட்டனிலிருந்து படங்கள் வந்து சேர்ந்ததற்கு அந்தச் சோதனை ஒரு முக்கியக் காரணம்.

வெறும் கேரியரை மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்றே முடிவு வந்திருக்கும். சோதனைச் சிக்னலில் எதைச் சேர்க்காமல் விடுகிறீர்களோ, அது சோதிக்கப்படாமலே போகிறது.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

அனுப்பும் திறனுள்ள ஒரு எஸ்டிஆர்: ஹேக்ஆர்எஃப் அல்லது புளூட்டோ போதும். சிக்னலைக் குறைக்கும் நிலையான அட்டெனுவேட்டர்கள், 30 டெசிபல் இரண்டு, 10 ஒன்று. நல்ல எஸ்எம்ஏ கேபிள்கள் (எஸ்எம்ஏ என்பது திருகி மாட்டும் சிறு கனெக்டர்), முனையை மூடும் 50 ஓம் டெர்மினேட்டர் இரண்டு, நேர் மின்சாரத்தைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடும் டிசி பிளாக் ஒன்று. கணினியில் குனு ரேடியோ என்ற இலவசச் சிக்னல் மென்பொருள். சென்னை ரிச்சி தெருவில் கனெக்டர், கேபிள் எல்லாம் கிடைக்கும். ஆனால் 3 கிகாஹெர்ட்ஸ் வரை என்று அச்சடித்த மலிவு அட்டெனுவேட்டரை வாங்கி வந்ததும் நானோவிஎன்ஏ என்ற சிறு அளவுகருவியில் ஒருமுறை அளந்துவிடுங்கள். உறையில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

சிக்னல் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்?

நினைப்பதைவிட மிக மிகக் குறைவாக. கணக்கைப் போட்டே பார்க்கலாம். 437 மெகாஹெர்ட்ஸில் 1 வாட் அனுப்பும் கியூப்சாட் என்ற சிறு செயற்கைக்கோள், 500 கிலோமீட்டர் உயரம். உச்சியில் இருக்கும்போது பாதை இழப்பு 139 டெசிபல். அடிவானத்தில் தொலைவு சுமார் 2,570 கிலோமீட்டர், இழப்பு 153 டெசிபலைத் தாண்டும். 1 வாட் என்பது 30 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்த டெசிபல் கணக்கு). ஆகவே உங்கள் மாடிக்கு வந்து சேர்வது உச்சியில் மைனஸ் 109, அடிவானத்தில் மைனஸ் 123 டிபிஎம். யாகியின் ஆதாயம் 12 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் முன் பெருக்கியின் வாசலில் மைனஸ் 97 முதல் மைனஸ் 111 வரை. துருவமுனைப்பு (அலை அதிரும் திசை) பொருந்தாமை, செயற்கைக்கோள் உருள்வது ஆகியவற்றுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் இடம் விட்டு, மைனஸ் 95 முதல் மைனஸ் 120 வரை சோதியுங்கள். 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அறை வெப்பத்தின் இரைச்சலே மைனஸ் 131 டிபிஎம் என்பதை நினைவில் வைத்தால், மிச்சம் இருக்கும் இடைவெளி எவ்வளவு குறுகியது என்று புரியும்.

புளூட்டோவின் வெளியீடு பூஜ்ய டிபிஎம் அருகே என்றால், 60 டெசிபல் நிலையான அட்டெனுவேட்டரை வெளியே மாட்டி, மிச்சத்தை உள்ளிருக்கும் அட்டெனுவேட்டரில் கால் டெசிபல் படிகளில் இறக்கலாம்.

இங்கேதான் கசிவு என்ற தொல்லை வரும். சிக்னலை நூறு டெசிபல் குறைத்து கேபிளில் அனுப்புகிறோம். ஆனால் அதே சிக்னல் எஸ்டிஆரின் பெட்டியிலிருந்தும் யுஎஸ்பி வயரிலிருந்தும் காற்றில் கசிந்து, மேசையில் இரண்டடி தள்ளி இருக்கும் ரிசீவருக்குள் நுழைந்துவிடும். அட்டெனுவேட்டரை எவ்வளவு கூட்டினாலும் டிகோடர் விடாமல் பாக்கெட் (தரவுத் துண்டு) காட்டினால் அதைப் பாராட்ட வேண்டாம், சந்தேகப்படுங்கள். கண்டுபிடிக்க எளிய வழி: நடுவிலிருக்கும் கேபிளைக் கழற்றி, இரண்டு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டரைத் திருகுங்கள். இப்போதும் பாக்கெட் வந்தால், நீங்கள் சோதித்தது ரிசீவரை அல்ல, அறையின் காற்றை. அனுப்பும் எஸ்டிஆரை மூடி இறுக்கமாகப் பொருந்தும் ஒரு எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்து, பக்கவாட்டில் துளையிட்டு எஸ்எம்ஏ கனெக்டரை உடலோடு இறுக்கி, யுஎஸ்பி வயர் நுழையும் இடத்தில் ஃபெர்ரைட் வளையமும் செம்புப் பட்டையும் போட்டால் கசிவு பெருமளவு அடங்கும். பெயின்ட் அடித்த பிஸ்கட் டப்பா வேண்டாம். மூடியும் உடலும் உலோகத்தோடு உலோகம் தொட வேண்டும்.

எஸ்டிஆர் எரிந்துபோகுமா?

போகலாம். பெருக்கிக்கு மின்சாரம் தரும் பயாஸ்-டீயை அணைக்காமல் அந்த முனையில் நேராக அட்டெனுவேட்டரையோ ஜெனரேட்டரையோ மாட்டுவதுதான் வழக்கமான விபத்து. 4.5 வோல்ட் நேராக அதற்குள் பாயும். டிசி பிளாக் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில். இன்னொன்று: ஹேக்ஆர்எஃப் மைனஸ் 5 டிபிஎம்முக்கு மேல் உள்ளே வாங்கிக்கொள்ளாது. அட்டெனுவேட்டரை முதலில் மாட்டுங்கள், பிறகு மின்சாரம் கொடுங்கள்.

டாப்ளரை எப்படிச் சேர்ப்பது?

செயற்கைக்கோளின் பாதையைச் சொல்லும் டிஎல்இ தரவிலிருந்து வேலூருக்கான ஒரு பாஸைக் கணக்கிட்டால், ஒவ்வொரு நொடிக்கும் செயற்கைக்கோள் நம்மை நெருங்கும் அல்லது விலகும் வேகம் கிடைக்கும். 500 கிலோமீட்டர் பாதையில் அது அதிகபட்சம் நொடிக்கு 7 கிலோமீட்டர். 437 மெகாஹெர்ட்ஸில் இது மேலும் கீழும் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ், 2.2 கிகாஹெர்ட்ஸில் 50 கிலோஹெர்ட்ஸ். செயற்கைக்கோள் உச்சியைக் கடக்கும்போது 437 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் நொடிக்கு 150 ஹெர்ட்ஸ் அளவில் சரியும். பல ரிசீவர்கள் பிடியை விடுவது அந்தச் சரிவில்தான். சிக்னல் மிகப் பலமாக இருக்கும் நேரமும் அதுதான் என்பதால், விட்டுப்போன பாக்கெட்டுகளுக்கு யாரும் அங்கே காரணம் தேடுவதில்லை.

கேரியரை நகர்த்துவதோடு நிற்காமல் பிட் கடிகாரத்தையும் அதே விகிதத்தில் நீட்டிச் சுருக்க வேண்டும். அந்த விகிதம் மில்லியனுக்கு 23 பங்கு. 9600 பிட் வேகத்தில் வரும் சிறு பாக்கெட்டுகளுக்கு இது பொருட்டே அல்ல; நொடிக்குக் கால் பிட்கூட நகராது. நிற்காமல் ஓடும் சிக்னலுக்கு, உதாரணமாக 137 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 72,000 குறியீடுகள் அனுப்பும் ரஷ்யாவின் மீட்டியோர் வானிலைச் செயற்கைக்கோளுக்கு, இதைச் சேர்க்காமல் சோதிப்பது வீண்.

ஆய்வகத்தில் நூற்றுக்கு நூறு பாக்கெட் வருகிறது, வானத்திலிருந்து ஒன்றுகூட வரவில்லை. ஏன்?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுதான். பெரும்பாலும் காரணம் ஒன்றே: போலிச் சிக்னலைத் தயாரித்த கையும் ரிசீவரை எழுதிய கையும் ஒரே கை. கேள்வித்தாளை எழுதியவனே தேர்வும் எழுதினால் யார்தான் தோற்பார்?

பிட்டுகளின் வரிசையை ஒருவர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பார். அனுப்பும் நிரலிலும் தலைகீழ், வாங்கும் நிரலிலும் தலைகீழ். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு எல்லாம் ஒழுங்காக ஓடும். 9600 பிட் பாக்கெட்டுகளில் பயன்படும் ஜி3ஆர்யூஹெச் ஸ்கிராம்ப்ளரில் (பிட்டுகளைக் கலைத்து அனுப்பும் முறை), 12-ஆவது, 17-ஆவது பிட்டுகளை எடுக்க வேண்டிய இடத்தில் ஒன்று தள்ளி எடுத்திருப்பார். இரண்டு பக்கமும் ஒரே தவறு என்பதால் ஆய்வகத்தில் தெரியாது. டாப்ளரின் கூட்டல், கழித்தல் குறியும் இப்படித்தான். ஒரே நிரல்தொகுப்பால் டாப்ளரைச் சேர்த்து, அதே தொகுப்பால் கழித்தால், குறி மாறியிருந்தாலும் விடை பூஜ்யம்.

தப்பிக்க ஒரே வழி, சிக்னலை வேறொருவரிடமிருந்து வாங்குவது. குனு ரேடியோவுக்கான ஜிஆர்-சாட்டிலைட்ஸ் தொகுப்பில் பல செயற்கைக்கோள்களுக்கான டிகோடர்கள் இருக்கின்றன. உங்கள் போலிச் சிக்னலை முதலில் அது படிக்கிறதா என்று பாருங்கள். சாட்நாக்ஸ் என்ற திறந்த வலையமைப்பில் உலகெங்கும் உள்ள நிலையங்களின் பதிவுகள் கிடைக்கும்; அவற்றை உங்கள் டிகோடருக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒரே குழுதான் என்றால்கூட, அனுப்பும் பக்கத்தை ஒருவரும் வாங்கும் பக்கத்தை இன்னொருவரும், ஆவணத்தை மட்டும் பார்த்து, ஒருவருக்கொருவர் பேசாமல் எழுதட்டும். நட்பு கெடாது.

இரைச்சலை எப்படிச் சேர்ப்பது? எப்போது தேறியது என்று சொல்லலாம்?

குனு ரேடியோவில் வெள்ளை இரைச்சலை (எல்லா அதிர்வெண்ணிலும் சமமாக இருப்பதை) சேர்க்க ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் பிட் பிழை விகிதத்தை அளந்து கோடு வரையுங்கள். பிபிஎஸ்கே பண்பேற்றத்துக்கு (அலையைத் தலைகீழாக்கி 0, 1 காட்டும் முறை), திருத்தக் குறியீடு இல்லாதபோது, லட்சத்துக்கு ஒரு பிழை என்ற நிலைக்குப் பிட் ஆற்றலும் இரைச்சலும் 9.6 டெசிபல் விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. உங்களுடையது 11-இல் வந்தால் நல்ல ரிசீவர். 15-இல் வந்தால் எங்கோ வடிகட்டி தவறு, அல்லது கடிகாரம் நடுங்குகிறது.

அளக்கும் நேரத்தில் கஞ்சத்தனம் கூடாது. பத்து லட்சத்துக்கு ஒரு பிழைக்கும் குறைவு என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, 30 லட்சம் பிட்டுகள் ஒரு பிழையும் இல்லாமல் வர வேண்டும். 9600 பிட் வேகத்தில் அது ஐந்து நிமிடத்துக்கு மேல். ஒரு நிமிடம் ஓட்டிவிட்டுப் பிழையே இல்லை என்று அறிக்கை எழுதுகிறவர்கள் அதிகம்.

இன்னொரு நுணுக்கம். அட்டெனுவேட்டர் அறை வெப்பத்தில் இருக்கும் பொருள். 290 கெல்வின் இரைச்சலை அதுவே தரும். எஸ் பேண்டில் (2.2 கிகாஹெர்ட்ஸ் பக்கம்) உச்சி வானம் அதைவிட எவ்வளவோ குளிர்ச்சி. ஆகவே நல்ல முன் பெருக்கி உள்ள நிலையம், மேசையைவிட வானத்தில் சற்று நன்றாகவே நடந்துகொள்ளும். 137 மெகாஹெர்ட்ஸில் ஊருக்கு நடுவே இதற்கு நேர் எதிர்.

வேலூருக்கென்று தனியாகக் கவனிக்க என்ன இருக்கிறது?

வெயிலும் இரைச்சலும்.

அக்னி நட்சத்திர நாட்களில் மொட்டைமாடித் தகர டப்பாவுக்குள் வைத்த எஸ்டிஆரின் வெப்பம், காற்றின் 40 டிகிரியைத் தாண்டி வெகுதூரம் போகும். படிக அலைவாக்கி மில்லியனுக்கு ஒரு பங்கு நகர்ந்தாலே 437 மெகாஹெர்ட்ஸில் 437 ஹெர்ட்ஸ். குளிர்சாதன அறையில் தேறிய ரிசீவரை, அதே போலிச் சிக்னலோடு, மே மாத மதியத்தில் மாடியிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது ஊரின் இரைச்சல். காட்பாடி சந்திப்புப் பக்கம் 25 கிலோவோல்ட் மின்தடத்தில் ரயில் போகும்போது தெறிக்கும் பொறி, மலிவு எல்இடி விளக்குகளின் மின்மாற்றி, வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர், ஆடிக் கிருத்திகைக்குத் தெருவெங்கும் தொங்கும் சீரியல் செட். இவை வெள்ளை இரைச்சல் அல்ல. விட்டு விட்டு வரும், ஒரே அதிர்வெண்ணில் நின்று இரையும். குனு ரேடியோவின் இரைச்சல் கட்டம் இதற்கு ஈடாகாது. செயற்கைக்கோள் எதுவும் இல்லாத நேரத்தில் உங்கள் ஆன்டெனாவிலிருந்தே பதிவு செய்யுங்கள்: மதியம் ஒன்று, விளக்கு வைத்த பின் ஒன்று, திருவிழா நாளில் ஒன்று. அந்தப் பதிவுகளைப் போலிச் சிக்னலோடு கூட்டி டிகோடருக்குக் கொடுங்கள். வெள்ளை இரைச்சலில் கம்பீரமாக நின்ற டிகோடர், ஊர் இரைச்சலில் எத்தனை டெசிபல் இழக்கிறது என்பதுதான் உங்கள் நிலையத்தின் உண்மையான மதிப்பெண். எஃப்எம் ஒலிபரப்பு, கைபேசிக் கோபுரம் போன்ற பலத்த சிக்னல் பக்கத்தில் இருந்தால், இரண்டாவது ஜெனரேட்டரில் அதையும் போலியாகக் கொடுத்து, முன் பெருக்கி திணறுகிறதா என்று பார்க்கலாம்.

காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கிறதே, ஜவ்வாது மலைக்குப் போய்விட்டால் இரைச்சல் தொல்லை தீருமா?

குறையும். ஆனால் காவலூரைத் தேர்ந்தெடுத்தது இருண்ட வானத்துக்காக. அங்கே இருப்பது 2.34 மீட்டர் ஒளித் தொலைநோக்கி. ரேடியோ அமைதி வேறு சங்கதி, அதைத் தனியாக அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆன்டெனாவையும் சேர்த்துச் சோதிக்க, போலிச் சிக்னலைக் காற்றில் அனுப்பலாமா?

உரிமம் இல்லாமல் கூடவே கூடாது. மேலே சொன்னதெல்லாம் கேபிளுக்குள் நடப்பவை. அமெச்சூர் ரேடியோ உரிமம் உள்ளவர், தமக்கு அனுமதிக்கப்பட்ட 144 முதல் 146, 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில், விதிகளுக்கு உட்பட்டு, மிகக் குறைந்த திறனில் செய்யலாம். அதற்கு மலை உச்சிக்கு ஏற வேண்டியதில்லை. 3 மீட்டர் யாகிக்கு 437 மெகாஹெர்ட்ஸில் 26 மீட்டர் தள்ளியிருந்தாலே தொலைப்புலம், அதாவது சிக்னல் வெகுதூரத்திலிருந்து வருவது போலவே ஆன்டெனாவுக்குத் தெரியும் இடம். எதிர்க் கட்டட மாடி போதும். 137 மெகாஹெர்ட்ஸ் வானிலைப் பட்டையில் யாருக்கும் அந்த உரிமை கிடையாது. ஜிபிஎஸ், நாவிக் (இந்தியாவின் வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள்) போலிச் சிக்னலைக் காற்றில் விடுவது விளையாட்டு அல்ல, மற்றவர்களின் வழிகாட்டியைக் கெடுக்கும் குற்றம்.

எதையும் அனுப்பாமலே ஆன்டெனாவைச் சோதிக்கச் சூரியன் இருக்கிறது. ஆன்டெனாவைச் சூரியன் மேல் திருப்பியும் வெற்று வானத்தில் திருப்பியும் இரைச்சலின் வித்தியாசத்தைப் பாருங்கள். சின்ன யாகிக்கு வித்தியாசம் குறைவாகத்தான் இருக்கும். டிஷ் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அமெரிக்காவின் நோவா செயற்கைக்கோள்கள் அனுப்பிய வானிலைப் படங்களை வைத்துக் கற்றுக்கொடுத்தோம். இனி?

நோவா 18, 19, 15 மூன்றும் 2025-இல் ஓய்வு பெற்றுவிட்டன. பழைய பதிவுகள் இணையத்தில் ஏராளம்; வகுப்பறைக்கு அவையே நல்ல போலிச் சிக்னல். நேரடியாகப் பிடிக்க வேண்டுமானால் மீட்டியோருக்கு மாறுங்கள்.

பெரிய நிலையங்களும் இப்படித்தான் செய்கின்றனவா?

அடிப்படை ஒன்றே. செயற்கைக்கோளின் ரேடியோ பகுதியின் நகலை ஒரு பெட்டியில் அடைத்துத் தரை நிலையத்துக்கே கொண்டுபோய் இணைத்துப் பார்ப்பார்கள். சூட்கேஸ் சோதனை என்றே அதற்குப் பெயர். செய்த கை வேறு, சோதிக்கும் கை வேறு என்பது அங்கே தானாகவே அமைந்துவிடுகிறது.

எங்களிடம் மடிக்கணினி மட்டும்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

கோப்பிலிருந்து. குனு ரேடியோவில் சிக்னலை உருவாக்கி, டாப்ளரும் இரைச்சலும் சேர்த்து, ஐக்யூ கோப்பாக (ரேடியோ சிக்னலின் டிஜிட்டல் பதிவாக) சேமித்து, அதையே டிகோடருக்குக் கொடுங்கள். மேலே சொன்னபடி வேறொருவரின் பதிவையோ டிகோடரையோ சேர்த்துக்கொண்டால், பிட் வரிசை, ஸ்கிராம்ப்ளர், கடிகார மீட்பு, டாப்ளர் குறி எல்லாவற்றையும் ஒரு ரூபாய் செலவில்லாமல் இங்கேயே சோதித்துவிடலாம். முன் பெருக்கி, கசிவு, வெப்பம், பலத்த சிக்னலில் திணறுவது ஆகியவை கோப்பில் வராது. அடுத்து சில ஆயிரம் ரூபாய்க்கு கேட்க மட்டும் தெரிந்த ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் வாங்கி ஊர் இரைச்சலைப் பதிவு செய்யுங்கள். அனுப்பும் எஸ்டிஆரை அதற்குப் பிறகு வாங்கினால் போதும். வாங்கும் அன்றே சம்படத்தையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.